பள்ளிக்கூடத்தின் தாய்மாமன்

"தேர் இழுக்கையில வடத்தோட முன்னந்தலையப் பிடிச்சவன் நடுவழியில கைய விடப்படாது. விட்டா..." என்று எங்கள் பெரியப்பா ஒன்று சொல்வார். விட்டால் என்ன ஆகும் என்பதுதான் மறந்துபோய்விட்டது சார். தேர் நின்றுவிடும் என்பாரா, பின்னால் வருகிறவன் விழுவான் என்பாரா, இல்லை, விட்டவன் மேலேயே ஏறும் என்பாரா? மூன்றில் ஏதோ ஒன்று. காலையிலிருந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எந்த ஊர் என்று ஒரு வார்த்தைதான் கேட்டீர்கள். நான் தேரில் ஏறிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

உங்கள் பையன் உள்ளே எழுதுகிறானா? என் பெண் எழுதி முடித்துவிட்டாள். இப்போது வாய்மொழிக் கேள்விக்கு உள்ளே போயிருக்கிறாள். மூன்றாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். நான்காம் வகுப்பில் சேர இவ்வளவு பரீட்சை. நமக்கெல்லாம் தலைக்கு மேலே கையை வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொட்டால் போதும், சேர்த்துக்கொண்டார்கள். தொட்டோம், படித்தோம். கெட்டா போய்விட்டோம்?

ஊர் மேலச்சிவல்குளம். இங்கிருந்து மேற்கே, மலையடிவாரம். அப்பா பிறந்த ஊர், நான் பிறந்த ஊர் இல்லை. பெங்களூரில் நெடுங்காலம், நடுவில் ஜெர்மனியில் கொஞ்ச காலம். மென்பொருள்களை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கக் கையேடு எழுதுவது என் வேலை. இந்தப் பொத்தானை அழுத்து, அந்தப் பெட்டியைத் திற, இதைச் செய்யாதே என்று உலகத்துக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பேன். ஆங்கிலத்தில்தான். அதை எங்கே உட்கார்ந்தும் எழுதலாம் என்று ஆனபிறகு, பிள்ளை மண்ணில் வளரட்டும் என்று கிளம்பி வந்துவிட்டோம். வந்துவிட்டோம் என்றால், நான் சொன்னேன், என் மனைவி இந்துமதி அழுதாள், பிறகு வந்துவிட்டோம்.

பெண்ணுக்கு இளவெயினி என்று பெயர். ஆசையாக வைத்தது. ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தர்ஷிகா, ஹர்ஷவர்தன், ரிதன்யா என்று பெயர். இவள் பெயர்தான் அவர்கள் வாயில் நுழையவில்லை. இரண்டே நாளில் 'வெயிலு' ஆக்கிவிட்டார்கள். எனக்கு அதுவும் பிடித்துத்தான் இருந்தது.

பள்ளிக்கூடம் என்று வந்தபோது இரண்டு வழி. காலையில் ஊருக்குள் மஞ்சள் வேன் வரும். பிள்ளைகளை அள்ளிக்கொண்டு டவுன் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளிக்குப் போகும். இல்லையென்றால் ஊரிலேயே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. இரண்டு அறை, இரண்டு டீச்சர், ஒரு வேப்பமரம். பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்ததால் இரண்டாவது டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு. அப்படி ஆனால் ஐந்து வகுப்பையும் ஓர் ஆள் ஒரே அறையில் மேய்க்க வேண்டும்.

நான் யோசிக்கவே இல்லை சார். ஊர்ப் பள்ளியில்தான் சேர்த்தேன். சேர்த்ததோடு நின்றிருக்கலாம். கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். தாய்மொழியில் படிக்கும் குழந்தைதான் சிந்திக்கும், ஜெர்மனியில் எல்லாரும் அவர்கள் மொழியில்தான் படிக்கிறார்கள், ஆங்கிலம் என்பது வெறும் கருவி, அதை எப்போது வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். இப்படி. இதையெல்லாம் மனதார நம்பித்தான் சொன்னேன். இன்றைக்கும் நம்புகிறேன். கை தட்டினார்கள்.

எங்கள் பக்கத்து வீடு முப்பிடாதி. டிராக்டர் வைத்து உழவுக்குப் போகிறவர். எந்தக் கூட்டத்திலும் பின்னால் நின்று ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்காவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அன்றைக்கும் சொன்னார்: "அண்ணாச்சி கணக்காத்தான் வந்திருக்காவ. கவர்மெண்டு பள்ளிக்கொடத்துல படிச்சாத்தான டாக்டர் சீட்டுல தனி ஒதுக்கீடு!"

"ஏல, அது ஆறாப்புல இருந்துல்லா பாப்பான்," என்றார் இன்னொருவர்.

"அதான் இப்பமே துண்டு போட்டு எடம் பிடிக்காவ."

கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த வாரம் அவரே தன் இரண்டு பிள்ளைகளையும், தர்ஷிகாவையும் அவள் தம்பியையும், மஞ்சள் வேனிலிருந்து இறக்கி ஊர்ப் பள்ளியில் கொண்டுவந்து விட்டார். அவரைப் பார்த்து இன்னும் சில வீடுகள். நான் பேசிய பேச்சு அப்படி வேலை செய்திருக்கிறது என்று இந்துமதியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "இருக்கும்," என்றாள்.

அதற்குப் பிறகுதான் கல்விச்சீர். பார்த்திருப்பீர்களே? தாய்மாமன் வீட்டுச் சீர்போல ஊரே மேளதாளத்தோடு பள்ளிக்கூடத்துக்குச் சாமான் கொண்டுபோவது. பெண்கள் தட்டுகளில் தேங்காய், பழம், பூ. ஆண்கள் தலையில் பீரோ, நாற்காலி, தண்ணீர்ப் பானை, சுவர்க்கடிகாரம், உலக உருண்டை. யார் முன்னால் போவது என்று ஊரில் ஒரு மனத்தாங்கல் கிளம்பியது. ஒரு தெருக்காரர் போனால் இன்னொரு தெரு வராது. முப்பிடாதிதான் தீர்ப்புச் சொன்னார்: "அண்ணாச்சி முன்னால நடக்கட்டும். அவிய எந்தத் தெருவுக்கும் ஆவாத ஆளு."

அப்படி முன்னால் நடந்தேன் சார். கழுத்தில் மாலை, கையில் தாம்பாளம், பக்கத்தில் இளவெயினி பாவாடை சட்டையில். வாசலில் தலைமையாசிரியை கிரேஸ் டீச்சர் சந்தனம் பூசி வரவேற்றார். "சார், இன்னையிலருந்து நீங்க இந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தாய்மாமன்," என்றார். "தாய்மாமன் கோவிச்சுக்கலாம், சண்டை போடலாம், பந்தியில சாப்பாடு சரியில்லன்னு எந்திரிச்சுப் போவலாம். ஆனா உறவு வேண்டாம்னு மட்டும் சொல்ல முடியாது பாத்துக்கிடுங்க." எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டீச்சர் மாறுதலும் நின்றது.

நன்றாகத்தான் போனது. குறை என்று ஒன்றும் சொல்ல முடியாது. இளவெயினி மரம் ஏறினாள், கிணற்றில் நீந்தக் கற்றாள், தர்ஷிகாவோடு ஒரே தட்டில் சாப்பிட்டாள். இந்துமதியும் மாறிப்போனாள். அழுதுகொண்டே வந்தவள் சாயங்காலம் பள்ளியில் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அவளைக் கேட்டால் இங்கேயே இருந்துவிடலாம் என்பாள். பெண்களுக்கு வேர் பிடிப்பது சுலபம்.

பிறகு ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லை, ஆனால் உங்கள் முகம் கேட்கிறது.

பொங்கலுக்குப் பிறகு ஒருநாள். பெங்களூரில் என் தங்கை மகனுக்குப் பிறந்தநாள். வீடியோவில் எல்லாரும் கூடினோம். அவனும் இளவெயினி வயதுதான். அவன் தன் விண்வெளி ராக்கெட்டைக் காட்டி மளமளவென்று ஆங்கிலத்தில் பொழிகிறான். இவள் அவன் வாயையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, கூட்டத்துக்கே கேட்கும்படி, "யப்பா, இவென் எதுக்கு இங்கிலீசுலயே பேசுதான்? தமிழ் தெரியாதாக்கும், பாவம்?" என்றாள்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அண்ணா, சோ க்யூட்!" என்றாள் தங்கை. நானும் சிரித்தேன். அவள் பேசியதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை சார், அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லித்தான் இணைப்பைத் துண்டித்தேன். உண்மையிலேயே கொஞ்சம் இரைச்சலாக இருந்தது.

மறுநாள் காலையில் இந்த ஆங்கிலப் பள்ளியைப் பற்றி விசாரித்தேன். சும்மா விசாரித்து வைப்போம் என்றுதான்.

எனக்கு இரண்டு மொழியும் கிடைத்தது இல்லையா? ஐந்தாவது வரை தமிழ் வழி, பிறகு பாளையங்கோட்டையில் ஆங்கில வழி. ஒரு கையில் இது, ஒரு கையில் அது. இரண்டு கையும் உள்ளவன் ஒரு கை போதும் என்று பேசுவது எவ்வளவு எளிது! இது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கும் இரண்டும் இருக்கட்டும். ஆங்கில மோகம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வாய்ப்பு. வாய்ப்புகளை மூடிவிடக் கூடாது என்பதுதான்.

இந்துமதியிடம் சொன்னேன். "ஆங்கிலம்தான் குறைன்னா நீங்க சொல்லிக்கொடுங்க. வீட்டிலேயே இருக்கீங்க. அதை எழுதித்தானே சம்பளம் வாங்குறீங்க?" என்றாள்.

எனக்கு வேலை இருக்கிறது சார். அவளுக்குப் புரியாது.

ஊரில் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். சரியான நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று. இங்கே விண்ணப்பம் வாங்க ஒருநாள் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வரச்சொன்னார்கள். பள்ளி நாள். கிரேஸ் டீச்சர், "என்ன சார், பிள்ளைக்கு லீவு?" என்று கேட்டார். சட்டென்று வாயில் வந்தது. "கண் டாக்டரைப் பார்க்கணும்."

காய்ச்சல் என்றிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். கண் என்று சொன்னதுதான் பிழை. பிறகு பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று இன்னொரு நாள் கூப்பிட்டார்கள். அதற்கும் கண். இன்றைக்குப் பரீட்சை. இதற்கும் கண். ஒரு பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் ஊர் என்ன நினைக்கும்?

கிரேஸ் டீச்சர் அவளைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். முப்பிடாதியின் மனைவி மாடத்தி தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை பறித்துக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தாள். "பிஞ்சுக் கண்ணு, என்னத்துக்கு இந்தச் சோதனை?" என்று இவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தர்ஷிகா, பள்ளிக்கூடம் போகும்போது இவள் கையைப் பிடித்து, "அங்கன கல்லு கெடக்கு, பாத்து வா," என்று கூட்டிப்போகிறாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

போன வாரம் சாப்பிடும்போது இளவெயினி கேட்டாள்: "யப்பா, எனக்கு நெசமாவே கண்ணு மங்குதோ? தூரத்து மலை மங்கலாத் தெரியுது."

"அது பனி," என்றேன்.

"மாடத்தி அத்தை பனின்னு சொல்லலையே."

இந்துமதி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு அளந்துதான் பேசுகிறாள்.

இல்லை சார், நீங்கள் கேளுங்கள். நீங்கள் வருவதற்குச் சற்று முன்னால் வாட்ச்மேன் வந்து, ஊர்க்காரர் ஒருவர் வாசலில் நிற்கிறார் என்று என்னைக் கூப்பிட்டார். வாசலில் முப்பிடாதி நிற்கிறார். சலவை வேட்டி கட்டியிருந்தார். கையில் நகைக்கடை டப்பா. நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் திறந்து காட்டினார். உள்ளே வெள்ளித் தகட்டில் ஒரு ஜோடிக் கண். கண்மலர். கண்ணில் நோய் என்றால் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு சாத்துவார்களே, அது. மாடத்தி நேர்ந்திருக்கிறாள். சாத்துவதற்கு முன்னால் பிள்ளை கண்ணில் ஒற்றி எடுக்க வேண்டுமாம்.

"ஆஸ்பத்திரில போயித் தேடுனேன் அண்ணாச்சி. அப்படி ஒரு புள்ள வரவே இல்லைன்னாவ. பயந்துபோயி மதினிக்குப் போன் போட்டேன்."

"என்ன சொன்னாள்?"

"'எனக்குப் பொய் சொல்லி அலுத்துப்போச்சு தம்பி'ன்னாவ. பொறவு இந்த எடத்தச் சொன்னாவ."

அவர் அண்ணாந்து கட்டடத்தைப் பார்த்தார். மாடி மாடியாகப் பார்த்தார். உள்ளே பிள்ளைகள் கோரஸாக ஏதோ ஆங்கிலப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார்.

நான் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. வாய்ப்பு என்றேன், இரண்டு மொழி என்றேன். அன்றைக்குக் கிராம சபையில் பேசியதெல்லாம் மனதாரப் பேசியது, அதில் மாற்றமில்லை என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"உங்க பேச்சு யாருக்கு வெளங்கிச்சு அண்ணாச்சி? ரேடியோ நியூஸ் கணக்கால்லா இருந்திச்சு. நான் பாதியிலயே பீடி குடிக்கப் போயிட்டேன்."

"அப்போ பிள்ளைகளை ஏன் வேனிலிருந்து இறக்கினீங்க?"

"பெங்களூரு, செர்மனியெல்லாம் பாத்த மனுசன். பெத்த புள்ளையக் கொண்டாந்து இங்க உக்கார வைக்காவன்னா, உள்ளுக்குள்ள ஏதோ வெவரம் இருக்கு. நமக்குத்தான் பிடிபடலன்னு நெனச்சேன்." டப்பாவை மூடினார். "அப்பம் வெவரம் ஒண்ணும் கெடையாதாக்கும்?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் சார்? நான் வாட்ச்மேனைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

"திரும்ப வேனில் ஏற்றிவிடலாமே முப்பிடாதி," என்றேன். "நான் வேண்டுமானால் அந்தப் பள்ளியில் பேசுகிறேன்."

"அங்க எடம் ரொம்பிட்டு. நான் போன மாசமே கேட்டுப் பாத்தாச்சு."

போன மாதமே. அப்படியென்றால் அவரும், என்னிடம் சொல்லாமல்... நான் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபிறகு கேட்க முடியவில்லை. இரண்டாவது டீச்சர் போய்விட்டால் அவர் பிள்ளைகள்தான் அந்த ஒற்றை அறையில் ஐந்து வகுப்போடு உட்கார வேண்டும். இளவெயினி போனால் அவளோடு இன்னும் நாலைந்து வீடு கிளம்பும். தலை குறையும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் அதைத் தவிர மற்றதையெல்லாம் பேசினோம். பஸ் நேரம், வெயில், பக்கத்து டீக்கடையில் வடை நன்றாயிருக்கும் என்பது.

கடைசியில் அவரே சொன்னார். "ஒண்ணு மட்டும் அண்ணாச்சி. சேக்குறதும் சேக்காததும் உங்க பாடு. ஊர்ல கண்ணுன்னே இருக்கட்டும்."

"எதுக்கு?"

"நெசம் தெரிஞ்சா உங்கள ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டான். பெரிய மனுசன், அவிய இஷ்டம்னு விட்டுருவானுவ. என்னயத்தான் உரிப்பானுவ. 'ஏல முப்பிடாதி, அவரு பின்னால போனியே, அவரு எங்கல?'ன்னு கேட்டுக் கேட்டு ஒரு எடத்துல உக்கார விடமாட்டானுவ. நான் எத்தன பேரக் கேலி பேசியிருக்கேன்! அம்புட்டுப் பயலும் காத்துக் கெடக்கான். மாடத்திக்கும் தெரிய வேண்டாம். கண்ணுல கோளாறு, டாக்டரு டவுன் பள்ளிக்கொடந்தான் ஆவும்னுட்டாரு. அப்பிடி இருக்கட்டும்."

பிறகு டப்பாவை என் கையில் கொடுத்தார். "கண்ணுல ஒத்திட்டுத் தாங்க."

"இனி எதுக்கு முப்பிடாதி? அவளுக்குத்தான் ஒன்றும் இல்லையே."

"நேந்தது நேந்ததுதான. அம்மன்கிட்டப் போயி, பொய்யின்னு நான் சொல்லவா, நீங்க சொல்லுதியளா?"

உள்ளே கொண்டுவந்தேன். அதோ அந்த வராந்தாவில்தான் இளவெயினி நின்றிருந்தாள், வாய்மொழிக் கேள்விக்கு. கண்ணை மூடச் சொல்லி இரண்டு இமையிலும் ஒற்றினேன். சில்லென்று இருக்கிறது என்று சிரித்தாள். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டே, "இத வச்சா சரியாயிருமா யப்பா?" என்றாள். ஆகிவிடும் என்றேன். பக்கத்தில் ஒரு டீச்சர் அம்மா நின்று, "நோ டமில் ஹியர், கண்ணா," என்று அவள் கன்னத்தில் அன்பாகத் தட்டினார்.

டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் ஊருக்குப் போகவில்லை. டீக்கடையில் இருக்கிறார். வெயிலில் பிள்ளை பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டாம், வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போகிறேன் என்று.

என் பெயரைத்தானே கூப்பிட்டார்கள்? ஆவுடையப்பன். ஆமாம், நான்தான். இதோ வந்துவிட்டேன் மேடம்.

தேர்வாகிவிட்டாளாம் சார். உடனே உள்ளே வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம்.

போடப்போகிறேன். போட்டுவிட்டு, டீக்கடைக்குப் போவதற்கு முன்னால், எதிரே இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இளவெயினிக்குப் பவர் இல்லாத ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிவிடப் போகிறேன்.